ஒரே சீட்டு, இரண்டு சன்னிதி

ஆஸ்திரேலியாவில் கேரம் டவுன்ஸ் பவுண்டரி ரோட்டிலுள்ள சிவா விஷ்ணு கோயிலுக்கு 1994-இல் கும்பாபிஷேகம் நடந்தது. சிவனுக்கும் பெருமாளுக்கும் ஒரே வளாகம். எந்தச் சன்னிதியில் அர்ச்சனைச் சீட்டை நீட்டினாலும் அர்ச்சகர் கேட்பது பெயர், நட்சத்திரம், கோத்திரம்தான். உள்ளே ஆகமம் வேறு, மந்திரம் வேறு. சீட்டு நீட்டுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கிடங்கில் நான் பார்த்த வேலையை வீட்டில் விளக்க, இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அங்கே கையிருப்பு ஒரு மென்பொருளில், பில் இன்னொன்றில், லாரி ஏற்பாடு வேறொன்றில். மொத்தம் ஆறு. ஒன்றோடொன்று நேராகப் பேச வேண்டுமானால் 15 பாலங்கள். ஒவ்வொரு பாலத்துக்கும் தனித்தனிக் கட்டளைப் பெயர்கள், அவற்றை எழுதியவரோ வேலையை விட்டுப் போயிருப்பார்.

ராய் ஃபீல்டிங் 2000-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் தந்த முனைவர் ஆய்வேட்டில் 'ரெஸ்ட்' என்று பெயரிட்டு விளக்கிய கட்டமைப்பு இதற்கு நேர்மாறானது. பொருள்களுக்கு முகவரி கொடு, எத்தனை வேண்டுமானாலும். வினைச்சொற்களை மட்டும் கூட்டாதே, எந்தச் சன்னிதியிலும் அதே கேள்விகள் என்பதுபோல. இணையத்தின் நெறிமுறையான ஹெச்டிடிபி-யில் அவை ஏற்கெனவே இருக்கின்றன: பார்க்க கெட், வைக்க புட், நீக்க டிலீட், மற்றதற்கு போஸ்ட்.

முகவரி அமைப்பது சுலபம். வினைக்கு உண்மையாக இருப்பதுதான் கஷ்டம். ஓர் இரவு லாரி மென்பொருள் ஓர் ஆர்டரை போஸ்ட் செய்தது, பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தது, மறுபடி அனுப்பியது. காலையில் ஒரே கடைக்கு இரண்டு பேலட் பெயின்ட். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் சிரித்தார், மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. தப்பு என்னுடையது. 'ஓர் ஆர்டர் போடு' என்பது வேறு, '4417-ஆம் ஆர்டர் இப்படி இருக்கட்டும்' என்பது வேறு. முதலாவதை இரண்டு முறை சொன்னால் இரண்டு ஆர்டர். இரண்டாவதைப் பத்து முறை சொன்னாலும் ஒன்றே. எண்ணை அனுப்புபவரே தரட்டும் என்று வைத்து புட்டுக்கு மாறினேன். அதன்பின் இணைப்பு அறுந்தால் பயமில்லை, திரும்ப அனுப்பினால் போதும்.

அடுத்த தலைவலி, ஒரே கையிருப்புக் கணக்கை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்துவது. கெட் செய்யும்போது ஈடேக் என்ற பதிப்பு அடையாளமும் வரும். திருத்தத்தோடு அதையும் அனுப்ப வேண்டும். இடையில் வேறு யாராவது மாற்றியிருந்தால் 412 என்று பதில் வந்து திருத்தம் நின்றுவிடும். முதல் வாரம் எல்லோருக்கும் எரிச்சல். சரக்கை எண்ணிப் பார்த்தபோது கணக்கு பொருந்தியதும் எரிச்சல் அடங்கியது.

நிறுவனங்களிடம் உள்ள தன் தரவைப் பிறருக்குத் தரச் சொல்ல வாடிக்கையாளருக்கு வழிசெய்யும் ஆஸ்திரேலியாவின் 'நுகர்வோர் தரவு உரிமை' ஏற்பாடும் இதே வழியில்தான் போகிறது. 2020 ஜூலை 1-இல் நான்கு பெரிய வங்கிகளோடு தொடங்கியது. கணக்கு, கடன் வகைகளின் பட்டியலை இதில் சேர்ந்த எந்த வங்கியிடமும் ஒரே மாதிரி கெட் செய்யலாம். ஆனால் ஜேசான் என்ற தரவு வடிவத்தில் பதில் வந்தாலே ரெஸ்ட் என்று சொல்லிக்கொள்வோர் நிறைய. அடுத்து எங்கே போகலாம் என்ற இணைப்புகளும் பதிலிலேயே இருக்க வேண்டும் என்று ஃபீல்டிங் 2008-இல் சலித்துக்கொண்டார். அந்தக் கணக்கில் நானும் பாதிதான் தேறுவேன்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் 'ஆர்டரை அப்ரூவ் செய்' என்று ஒரு முகவரி எழுதி வந்தான். ஒப்புதலும் ஒரு பொருள்தானே, அதற்கு முகவரி கொடுத்து அதில் பெயரையும் தேதியையும் வை என்றேன். முணுமுணுத்தபடி மாற்றினான். மறுவாரம், யார் எப்போது ஒப்புதல் தந்தார்கள் என்று கணக்குப் பிரிவு கேட்டபோது, அவனே ஒரு கெட் போட்டுக் காட்டினான்.