கூரையின் கீழ் ஒளி

கவிஞனுக்குச் சொல்லும் சிற்பிக்குக் கல்லும் போல ஒளிப்படக்காரனுக்கு மூலப்பொருளாவது ஒளி. வெட்டவெளியில் நடைபெறும் கிரிக்கெற்றையோ உதைபந்தாட்டத்தையோ படம்பிடிப்பவன் அம்மூலப்பொருளைப் பற்றிக் கவலை கொள்வதில்லை. ஞாயிறு அதனை வாரி வழங்குகின்றது. கவலை தொடங்குவது கூரையின் கீழேதான். பூப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், மேசைப்பந்தாட்டம் முதலியன நடைபெறும் மண்டபத்தினுள் தொலைவில்லை பொருத்திய கமெராவுடன் நுழைபவன் ஒளியை இரந்து நிற்கும் நிலைக்கு உள்ளாகின்றான். அந்நிலையில் அவன் செய்யும் தெரிவுகளே, எவருடைய முகம் பின்வருவோருக்குக் கிடைக்கும், எவருடையது கிடையாது போகும் என்பதையும் தீர்மானிக்கின்றன.

மண்டபத்து விளக்குகள் பார்வையாளருக்கு மங்கலாகத் தோன்றுவதில்லை. மனிதக் கண் இருளுக்கு இசைந்து கொடுக்கும் இயல்பினது. ஆதலால் இவ்விடயத்தில் அது நம்பத்தகாத சாட்சி. நடுப்பகல் வெயிலில் நிலத்தின்மேல் ஏறத்தாழ 100,000 லக்ஸ் ஒளி விழுகின்றது. பாடசாலைப் பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்குமுரிய பூப்பந்தாட்ட மண்டபத்துக்கு ஐரோப்பிய நியமம் கோருவது 300 லக்ஸ் மாத்திரமே. வெயிலொளியில் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லாத அவ்வெளிச்சத்திலேதான் ஓடுபவரையும் பாய்பவரையும் படத்தில் நிறுத்தவேண்டியுள்ளது.

இதன் கணக்கு எளிதானது. 300 லக்ஸ் ஒளியில், வில்லையின் துவாரத்தை எஃப்/2.8 அளவில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100 என்னும் உணர்திறனில் எடுப்பதாயின், ஷட்டர் ஏறத்தாழ 1/16 செக்கன் திறந்திருத்தல் வேண்டும். அந்நேரத்துள் ஆடுபவர் புகைபோலக் கலைந்துவிடுவார். அவரைத் தெளிவாக நிறுத்தக் குறைந்தது 1/500 செக்கன் வேகம் தேவை. அதற்கு உணர்திறனை ஐந்து தடவை இரட்டித்து 3200 ஆக்கவேண்டும். மாணவர் கையிற் பெரும்பாலும் காணப்படும் மலிவான தொலைவில்லையோ, முழுநீளத்துக்கு நீட்டியதும் எஃப்/5.6 ஆகச் சுருங்கிவிடுவது. அது உள்ளே விடும் ஒளி நான்கிலொரு பங்கு. அப்போது வேண்டிய உணர்திறன் 12,800. ஒரே மண்டபம், ஒரே ஆட்டம். எனினும் வசதி படைத்தவனுக்கு ஒரு வெளிச்சமும் வசதியற்றவனுக்கு வேறொரு வெளிச்சமும் அங்கு நிலவுகின்றன. 300 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லை எஃப்/2.8 அளவுக்குத் திறக்கவேண்டுமாயின் அதன் முன்கண்ணாடி 107 மில்லிமீற்றர் அகலமேனும் கொண்டிருத்தல் வேண்டும். அத்தகைய கண்ணாடியின் பாரமும் விலையும் எவ்வாறிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தொலைவில்லை வேறு இரு வரிகளையும் அறவிடுகின்றது. தூரத்து உருவைப் பெருப்பிக்கும் அது கையின் நடுக்கத்தையும் உடன் பெருப்பிக்கின்றது. ஒற்றைக்கால் தாங்கியும், வில்லையினுள் அமைந்த நடுக்கந்தணிக்கும் பொறியும் இதற்குப் பரிகாரமாகும். ஆயினும் அவை படம்பிடிப்பவனின் அசைவையே தணிப்பன. ஆடுபவரின் அசைவில் அவற்றுக்கு அதிகாரம் இல்லை. மற்றைய வரி குவிவின் ஆழம் பற்றியது. முழுச்சட்டகக் கமெராவில், 200 மில்லிமீற்றர் வில்லையை எஃப்/2.8 அளவில் திறந்து, 10 மீற்றர் தொலைவில் உள்ளவரை எடுக்கும்போது, தெளிவாக விழும் பகுதியின் ஆழம் 40 சென்றிமீற்றர் அளவினதே. 300 மில்லிமீற்றர் வில்லையாயின் அது 20 சென்றிமீற்றருக்கும் குறைவு. வீராங்கனை அரை அடி முன்னே வைத்தால் வலை தெளிவாகவும் முகம் மங்கலாகவும் அமைந்துவிடும்.

முந்திய தலைமுறையினர் இதனினும் கடிய நிலையிற் பணிபுரிந்தனர். கொடாக் நிறுவனத்தின் ட்ரை-எக்ஸ் படச்சுருள் 35 மில்லிமீற்றர் அளவில் 1954இல் வெளிவந்தது. பின்னாளில் 400 என உணர்திறன் குறிக்கப்பட்ட அச்சுருளை 1600 எனக் கொண்டு படமெடுத்து, இருட்டறையில் கூடுதலான நேரம் உருத்துலக்கி, மணல் தூவியது போன்ற படங்களைப் பத்திரிகைகளுக்கு அவர்கள் வழங்கினர். 2007இல் வந்த நிக்கோன் டி3 கமெரா வழமையான எல்லையாக 6400ஐயும் நீட்டித்த எல்லையாக 25,600ஐயும் அளித்தபோது உள்ளரங்கப் படப்பிடிப்பின் வரலாறே திசை மாறியது எனலாம்.

ஒளி இல்லாவிடத்து அதனைக் கொண்டுசெல்லும் வழியும் உண்டு. 1965ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து லூயிஸ்ரன் என்னும் சிறு நகரில், வீழ்ந்து கிடந்த சொனி லிஸ்ரனுக்கு மேல் முகமது அலி நின்று முழங்கிய கணத்தை நீல் லைபர் வண்ணத்திற் பதித்தார். குத்துச்சண்டை மேடைக்கு மேலே பொருத்தப்பட்டிருந்த பளிச்சொளி விளக்குகளே அப்படத்தை இயலச்செய்தன. பெரிய சஞ்சிகையொன்றின் துணை அவருக்கு இருந்தது. பூப்பந்தாட்டக் களத்திலோ பளிச்சொளிக்கு இடமில்லை. இறகுப்பந்தை நோக்கி அண்ணாந்திருக்கும் கண்களை அது குருடாக்கும். அங்கு இருக்கும் ஒளியே கதி.

இருக்கும் ஒளியைக் கொண்டு செயற்படுபவனுக்குப் பௌதிகவியல் ஒரு சலுகை தருகின்றது. மேலெழுந்து பாயும் உடல் உச்சியை அடையும் கணத்தில் அதன் மேனோக்கிய வேகம் பூச்சியமாகின்றது. உச்சிக்குப் பின்வரும் பத்திலொரு செக்கனில் உடல் கீழிறங்குவது 5 சென்றிமீற்றர் மாத்திரமே. அக்கணத்தை முன்கூட்டியே அறிந்து அழுத்துபவன் 1/250 செக்கனிலும் தெளிவான முகத்தைப் பெறுவான். மட்டையேந்திய கை சற்றுக் கலைந்திருப்பின் குறையில்லை. அக்கலைவே வேகத்தைச் சொல்லும். வலைப்பந்தாட்டத்தில் இச்சலுகை இன்னும் பெரிது. 3.05 மீற்றர் உயரத்திலுள்ள வளையத்தை நோக்கிப் பந்தை எய்யுமுன் வீராங்கனை ஒரு கணம் அசையாது நிற்கிறாள். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது, யாழ்ப்பாணத்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் ஓங்கிய கைகளை நோக்கிக் காத்திருந்த வில்லைகளுக்கு அந்த அசையாமை வாய்த்த ஒரு கொடை. எனவே ஆட்டத்தை அறிந்தவன் ஒளியைச் சேமிக்கிறான். அறியாதவன் கமெராவின் வேகத்தை மட்டுமே நம்பி நூறு படங்களை வீணாக்குகிறான்.

விளக்குகளின் இயல்பையும் அறிதல் வேண்டும். எமது நாட்டின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுகள் கொண்டது. அதனால் பழைய வகை மின்விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை ஏறியிறங்கி ஒளிர்கின்றன. கண் இதனை உணராது. 1/1000 செக்கன் திறக்கும் ஷட்டர் உணரும். அடுத்தடுத்த இரு படங்களுள் ஒன்று வெளுத்தும் மற்றையது மஞ்சள் பாய்ந்தும் காணப்படுவது இக்காரணத்தாலேயே. 1/100 செக்கனில் எடுப்பின் இக்குறை நீங்கும். அப்போது ஆடுபவர் கலைவார்.

இத்துணை இடர்ப்பாடுகளுக்கிடையே எடுத்த படத்தை என்செய்வது? இன்று கணினிகள் துகள்களை நீக்கி முகத்தைப் பளிங்காக்கித் தருகின்றன. பல்கலைக்கழகமொன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது இது. முதற்சுற்றிலேயே தோற்று வெளியேறிய மாணவி ஒருத்தியின் படத்தை இறுதியாண்டு மாணவன் ஒருவன் 12,800 உணர்திறனில் எடுத்திருந்தான். அவள் ஆடிய கடைசி ஆட்டம் அதுவே. துகள் மலிந்த அப்படத்தை அவன் கணினியிலிட்டுத் துப்புரவாக்கி அவளிடம் காட்டினான். நெடுநேரம் பார்த்தபின், “அண்ணா, இது நானில்லை. என்ரை அக்கா மாதிரிக் கிடக்கு” என்றாள் அவள். புருவத்தின் மேல் சிறுவயதிற் பட்ட காயத்தின் தழும்பு படத்தில் இல்லை. துகளுக்கும் தழும்புக்கும் வேறுபாடறியாத பொறி இரண்டையும் துடைத்துவிட்டு, அவ்விடத்தில் எவருடையதோ ஒரு தோலை வரைந்திருந்தது. அவன் மூலப்படத்தையே அச்சிட்டுக் கொடுத்தான். அதில் மணல் தூவியிருந்தது, தழும்பும் இருந்தது.

துகள் என்பது ஒளி போதாமையின் ஒப்புதல் வாக்குமூலம். அதனை ஓரளவு தணிப்பதில் தவறில்லை. இல்லாத தெளிவைப் புனைந்து சேர்ப்பது பிறிதொரு செயல். வென்றவர்களுக்குத் தொலைக்காட்சி விளக்குகள் உண்டு. அவர்களுடைய முகங்கள் ஆயிரம் கமெராக்களில் எஞ்சும். தோற்றவர்களுக்கும் சிறு மண்டபங்களில் ஆடி முடிப்பவர்களுக்கும் எஞ்சுவது ஒன்றிரண்டு படங்களே. அவற்றிலேனும் அவர்கள் அவர்களாகவே இருத்தல் வேண்டும்.

பெரிய வில்லை கிட்டாதவன் மனந்தளர வேண்டியதில்லை. எஃப்/1.8 அளவுக்குத் திறக்கும் 85 மில்லிமீற்றர் வில்லை எஃப்/5.6 தொலைவில்லையைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். விலையும் பாரமும் சிறிது. அதனைக் கொண்டு எல்லைக்கோட்டின் அருகே தரையில் அமர்ந்தால் போதும். எடுத்த படத்தை அச்சிட்டு, அதன் பின்புறத்தில் ஆடியவரின் பெயரையும் பீடத்தையும் திகதியையும் பென்சிலால் எழுதிவைப்பானாயின், அம்மண்டபத்து அரைவெளிச்சத்தில் அவன் செய்யவேண்டிய பணி நிறைவுற்றதாகும்.