வாய்ப்பாடு எதுக்கு சார்?



"கால்குலேட்டர் இருக்கும்போது என் மகள் வாய்ப்பாடு எதுக்கு சார் படிக்கணும்?" என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். மென்பொருள் எழுதுகிறவள். அவள் தொழிலை வைத்தே பதில் சொல்கிறேன்.

1, 1, 2, 3, 5, 8... முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும். இது ஃபிபனாச்சி வரிசை. இதில் 40-ஆவது எண்ணைக் கணினியிடம் கேளுங்கள். விடைகளைக் குறித்துவைக்காமல் ஒவ்வொன்றையும் முதலிலிருந்தே போடச் சொன்னால், அந்த நிரல் 20 கோடி தடவைக்கு மேல் தன்னையே அழைக்கும். குறித்துக்கொள்ளச் சொன்னால் 38 கூட்டல்தான். இந்த முறைக்கு 1968-இல் டொனால்ட் மிக்கி வைத்த பெயர் 'மெமோ ஃபங்ஷன்'. கொஞ்சம் நினைவகம் கொடுத்து நிறைய நேரம் வாங்குகிறோம்.

வாய்ப்பாடும் அதேதான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சட்டென வந்தால்தான் பிள்ளையின் மனம் கணக்கின் அடுத்த படிக்குப் போகும்.

அதற்காக எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வைக்காதேம்மா. அந்த 40-ஆவது எண்ணுக்கும் கடைசி இரண்டு எண்கள் கையில் இருந்தால் போதும். அடிக்கடி தேவைப்படுவது மட்டும் மனதில் இருக்கட்டும்.

எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது, நினைவுதான் குறைகிறது. போன் செய்தால் எந்த வருடம், எந்த பெஞ்ச் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பெயரை நானே கண்டுபிடித்துச் சொல்கிறேன்.