கிரீடம் இல்லாத ராஜா

அம்மாயியின் மைலோ டின்னில் இருந்ததெல்லாம் செத்த காசு. அவள் அப்படித்தான் சொல்வாள். 1967 ஜூனில் மலேசியாவின் புதுக் காசும் நோட்டும் வந்த பிறகு, வெள்ளைக்காரன் காலத்துக் காசை லூனாஸ் சீனன் கடையில் நீட்ட அவளுக்குக் கூச்சம். அதற்காகத் தூக்கிப் போடவும் மனசு வராது. சுத்த வெள்ளியோ கலப்போ, வெள்ளி வெள்ளிதானே. குடும்பத்தில் பிள்ளை பிறக்கும்போதெல்லாம் ஒரு பிடி காசு கூலிம் ஆசாரியிடம் போகும். அரைஞாணாகத் திரும்பி வரும். நான் இடுப்பில் கட்டியிருந்ததும் அப்படி வந்ததுதான்.

முதலில் ஐம்பது காசுகள் உருகின. பிறகு இருபது, பத்து. கடைசியில் டின்னில் தங்கியவை பொடிசுகள் மட்டும்தான். "இதையெல்லாம் உருக்கினா குகையில ஒட்டினது போக என்னம்மா மிஞ்சும்" என்று ஆசாரி தள்ளிவிட்டாராம். அவருக்கு லாபமில்லாததால் எனக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்தது.

பொடிசுகளைத் தரையில் பரப்பினால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். முக்கால்வாசி முகம் தேய்ந்தவை. ஆனால் அவற்றில் இரண்டு தேசம் கலந்து கிடந்தது. ஒன்று நம் பக்கத்து நீரிணைக் குடியேற்றங்களின் அஞ்சு காசு: 1.36 கிராம். இன்னொன்று அம்மாயி ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த ரெண்டணா: 1.46 கிராம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு வந்து, ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்திருந்த நாள்களிலும் அந்த முடிச்சை அவள் அவிழ்க்கவே இல்லையாம். தோட்டத்துக்கு வந்த பிறகு இரண்டும் ஒரே டின்னில் விழுந்தன. அளவும் கனமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவளுக்கே எது எதுவென்று தெரியாது.

பிரித்துக் காட்டியவர் கிராணி ஐயா. தோட்டத்துக் குமாஸ்தா, நாகர்கோவில்காரர். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆபீஸ் திண்ணையில் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். டின்னைக் கொண்டுபோய் வைத்தால் பேப்பர் கீழே போகும். முதல் நாளே ஒரு கண்டிப்பு: புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, சாம்பல் தொடவே கூடாது. "இருக்கிற கொஞ்ச மூக்கையும் வழிச்சிராத மக்கா." பிறகு பழைய கணக்கு நோட்டுத் தாளைக் காசின் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்ப்பார். கண்ணுக்குத் தெரியாத முகம் தாளில் எழும்பி வரும். அப்போது எனக்கு அது மந்திரம். இன்றைக்கும் கொஞ்சம் அப்படித்தான்.

"மூக்கு எந்தப் பக்கம்? தலையில கிரீடம் இருக்கா?" கேள்வி இந்த இரண்டுதான். விக்டோரியா இடது பக்கம் பார்ப்பாள். அவள் மகன் எட்வர்ட் வலது பக்கம். பேரன் ஐந்தாம் ஜார்ஜ் திரும்பவும் இடது. இங்கிலாந்துக் காசில் அது ஒரு சம்பிரதாயம், ஒருவர் பார்த்த பக்கம் அடுத்தவர் பார்ப்பதில்லை. அடுத்தது கிரீடம். இந்திய ரெண்டணாவில் விக்டோரியா கிரீடத்தோடு இருப்பாள். நம்மூர் அஞ்சு காசில் கிரீடம் கிடையாது, தலையில் ஒரு பட்டை மட்டும். எட்வர்ட் அப்படியே தலைகீழ். அஞ்சு காசில் கிரீடம், ரெண்டணாவில் வழுக்கைத் தலை. தாய்க்கு மகுடம் சூட்டிய ஊர் மகனுக்கு ஏன் சூட்டவில்லை என்று கேட்டேன். "அந்த ஊர்ல வெயில் ஜாஸ்தி" என்றார் கிராணி ஐயா, சிரிக்காமல்.

குட்டையைக் குழப்பியவர் ஜார்ஜ்தான். இரண்டு காசிலும் கிரீடம், இரண்டிலும் தாடி, இரண்டிலும் இடது பக்கம். அவர் வந்தால் திருப்பிப் போட வேண்டும். புள்ளி வட்டத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் இங்கேயுள்ளது. கொடி சூழ்ந்த எழுத்து இருந்தால் அங்கேயுள்ளது. விக்டோரியா என்ற பெயர் மட்டும் எனக்கு முன்பே பழக்கம்: பாடாங் செராய் பக்கம் விக்டோரியா தோட்டம் என்று ஒன்று உண்டு. காசில் இருக்கும் அம்மாதான் அதற்கு முதலாளி என்று அதுவரை நம்பியிருந்தேன்.

ஒரு நாள் கிராணி ஐயா தன் மணிபர்ஸிலிருந்து ஒரு மடித்த காகிதத்தைப் பிரித்தார். உள்ளே உளுந்தம்பருப்பு அளவில் வெள்ளி. முகமும் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் புள்ளிகளும் கோடுகளும். திருவிதாங்கூர்ச் சக்கரம், அவருடைய அம்மா கொடுத்தது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேரும் வரை நாகர்கோவில் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்று விரல் மடக்கிச் சொன்னார். இவ்வளவு பொடியை எப்படி எண்ணுவது? அதற்கு ஒரு பலகை உண்டாம். வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும். சக்கரங்களை அள்ளிக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்று போய் உட்காரும். மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. அந்தப் பலகையை எனக்குச் செய்து தரச் சொல்லி எவ்வளவோ நச்சரித்தேன்.

கிரேக்கரின் பொடி வெள்ளிக் காசுகளைப் பற்றி நான் படித்தது வெகு காலம் கழித்து. ஏதென்ஸின் திரக்மா 4.3 கிராம். அதில் ஆறில் ஒன்று ஒபோல், 0.72 கிராம். அதிலும் பாதி, கால் என்று வெட்டினார்கள். கால் ஒபோல் 0.18 கிராம்தான். அரை ஒபோல் ஏறக்குறைய கிராணி ஐயாவின் சக்கரத்துக்குச் சமம். பைக்குப் பதில் வாயில் அடக்கிக்கொண்டு சந்தைக்குப் போனதை அரிஸ்டோபனீஸ் நாடகத்தில் கிண்டல் செய்திருக்கிறார். காசு அடித்த ஊர்களோ நூற்றுக்கணக்கில். ஊர் பெயர் எழுத இடம் போதாது, ஓர் எழுத்து விழுந்திருந்தாலே அதிர்ஷ்டம். அறிஞர்கள் என்ன செய்கிறார்கள்? எடை போடுகிறார்கள், சிங்கமா ஆந்தையா என்று பார்க்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கிறார்கள், பின்னால் விழுந்திருக்கும் சதுரக் குழியைப் பார்க்கிறார்கள். திண்ணையில் நடந்ததும் இதேதான், பெயர்தான் பெரிது.

எங்கள் கடாரத்து மெர்போக் பக்கம் 1930களில் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டியபோது கலீஃபா அல்-முதவக்கில் பெயர் பொறித்த 848ஆம் ஆண்டு வெள்ளி திர்ஹம் கிடைத்தது. ஆக, பிற நாட்டு வெள்ளி வந்து விழுவது கடாரத்துக்குப் பழக்கம்தான். கரூரில் இன்னும் பழைய கதை. அமராவதிப் படுகையில் கிடைத்த, ரோமானியம் அல்லாத அயல்நாட்டுக் காசுகளைப் பற்றி தினமலர் இரா. கிருஷ்ணமூர்த்தி 2000இல் தனி நூலே எழுதினார். கிரேக்கக் காசுகளும் அதில் உண்டு. அம்மாயி அந்தக் கரைக்காரி. "வெள்ளம் வடிஞ்சா மணலைச் சலிக்க ஒரு கூட்டமே வரும், நாங்களும் நிப்போம்" என்பாள். கிடைத்ததை என்ன செய்தீர்கள் என்றால், "ஆசாரிகிட்டதான்" என்பாள்.

போன வருஷம் பினாங்கு லோரோங் குலிட் சந்தையில் ஒரு கிழவர் தட்டு நிறைய அஞ்சு காசு வைத்திருந்தார், எல்லாம் ஒரே விலை. கிளறியதில் வலப்பக்கம் பார்த்த வழுக்கைத் தலை ஒன்று அகப்பட்டது. இது இந்தியாக் காசு என்றேன். இல்லவே இல்லை, எல்லாம் மலாயாதான் என்று சத்தியம் செய்தார். கிரீடம் இருப்பதையும் இல்லாததையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நன்றாகப் பார்த்துவிட்டு, காசை என் கையிலிருந்து வாங்கித் தனியாக வைத்து, அதற்கு இரண்டு மடங்கு விலை சொன்னார்.