குளிரூட்டியின் முறைக்காய்ச்சல்

முற்றாகக் கெட்ட பொறியினும் இடையிடையே கெடும் பொறியே மனிதனைப் பெரிதும் வருத்துவது. எமது காரின் குளிரூட்டி இதற்குத் தக்க சான்றாகும். ஆடி, ஆவணி வெயிலில், எண்பது வயது கடந்த அன்னையாரைக் கண் சிகிச்சையின் பொருட்டு வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதி வழியே அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. புளியங்குளம் வரை இதமாய் வீசிய காற்று மாங்குளத்தை அணுகுகையில் அனலாகும். மரநிழலில் அரைமணி நேரம் தரித்தால் மீண்டும் குளிரும். முதியோர் உடல் வெப்பத்தை எளிதில் தாங்குவதன்று; அன்னையார் சோர்ந்து சாய்வதைக் காணும்போதெல்லாம் நெஞ்சு பதைத்தது.

கராஜிலோ அது ஒருபோதும் பழுதுபட்டதில்லை. வைத்தியர் முன்னிலையில் தணிந்துவிடும் முறைக்காய்ச்சலை ஒத்தது அது. இருமுறை வாயு நிரப்பியும் பயன் விளையவில்லை.

முறைக்காய்ச்சலை அறிய அது வரும் வேளையைக் குறித்தல் வேண்டுமன்றோ? அவ்வாறே யாமும் குறித்தோம். ஓடுகையில் குளிர்ந்து நிற்கையில் சுடுமாயின் முன்விசிறியை ஆராய்தல் வேண்டும். காற்றின் வேகமே குன்றுமாயின் உள்ளே பனி உறைந்திருக்கலாம். காற்றுக் குறையாது குளிர் மட்டும் அற்றுப்போமாயின் கொம்பிரசரின் காந்தக் கிளச்சை ஐயுறல் தகும். எமது காரின் நோய் மூன்றாவது வகையினது. தேய்வினால் கிளச்சின் இடைவெளி அகன்றிருந்தது. சூடேறக் கம்பிச்சுருளின் தடை கூடிக் காந்தவிசை தளர்ந்தமையால், தட்டினை ஈர்க்க இயலவில்லை. மெல்லிய வளையமொன்றை அகற்றி இடைவெளியைக் குறைத்ததும் நோய் தீர்ந்தது.

தாம் காணும் வேளையில் தோன்றாத துன்பத்தை இல்லையென்று கூறுவோர் பலர். அவர்தம்முன் எமக்குத் துணைநின்றது, இடமும் நேரமும் குறித்த ஒரு சிறு தாளே.