பம்ப் போயிருச்சுன்னு யாரு சொன்னா?

வண்டி கழுவுற பம்ப்பைப் பத்தி முழு நீளப் பதிவான்னு சில பேர் இப்பவே ஓடப் பாப்பீங்க. கொஞ்சம் இருங்க மக்கா. இதுல ஒரு கழுத்துச் செயின் அடகுக் கடைக்குப் போகாம தப்பிச்ச கதை இருக்கு. வீட்ல கார் கழுவ சின்ன பிரஷர் வாஷர் வாங்கி வெச்சிருக்கவங்களுக்கு உபயோகமா நாலு விஷயமும் இருக்கு.

மொதல்ல ஊரைச் சொல்லிடறேன். நாமக்கல். லாரிக்கும் முட்டைக்கும் பேர் போன ஊரு. இங்க ஆயுத பூஜைன்னா புஸ்தகத்துக்குப் பொட்டு வைக்கறதெல்லாம் அப்புறம்தான். லாரிதான் மொதல் சாமி. பூஜைக்கு முந்தின ரெண்டு நாள் வாட்டர் சர்வீஸ் கடைகள்ல ராத்திரி பகல் கிடையாது. அந்த ரெண்டு நாள் வருமானத்தை நம்பி வாடகை பாக்கி, வட்டி பாக்கின்னு பல கணக்கு காத்துக்கிட்டு இருக்கும்.

2025ல ஆயுத பூஜை அக்டோபர் 1, புதன்கிழமை வந்துச்சு. திங்கக்கிழமை சாயங்காலம் நமக்குத் தெரிஞ்ச சர்வீஸ் கடைத் தம்பி போன் பண்ணினான்.

"அண்ணா, பம்ப்புல பிரஷரே ஏற மாட்டேங்குதுங்ணா. மெக்கானிக் வந்து பாத்துட்டு, பம்ப் முடிஞ்சு போச்சு, புதுசு மாத்தோணும், 25,000 ஆகும்ங்கறாருங்ணா. அம்மா செயினைக் கழட்டிக் குடுத்துட்டாங்க. அடகு வெக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொல்றீங்ளா?"

என்னை எதுக்குக் கூப்பிடறான்னு கேக்காதீங்க. இப்போ ஏசி ரூம்ல கணக்கு பாத்தாலும், பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் முடிச்சு ஆறு வருஷம் பம்ப் பிரிச்சு மாட்டின கை இது. தங்கமணி கிட்ட "அரை மணி நேரத்துல வந்துடறேன்"னு சொல்லிட்டு டூல் பையைத் தூக்கிட்டுக் கிளம்பினேன். அந்த அரை மணி நேரம் ராத்திரி பத்து வரைக்கும் நீண்டது தனிக்கதை :)

சரி, மேட்டருக்கு வருவோம்.

தம்பியோடது மூணு பிளஞ்சர் பம்ப். 3 எச்.பி. மோட்டார், நடுவுல பெல்ட். நேம் பிளேட்ல நிமிஷத்துக்கு 15 லிட்டர். நல்லா இருந்த காலத்துல கன்னைத் திறந்தா கேஜ் 80 பார்ல நிக்கும். இப்போ 25ஐத் தாண்டல. 80 பார்னா எவ்வளவுன்னு புரியணுமா? கார் டயர்ல நாம அடிக்கற காத்து ரெண்டு பார் சொச்சம்தான்.

இங்க ஒரு அடிப்படை விஷயம். பம்ப் பிரஷரை உண்டு பண்றதில்ல. பம்ப் தண்ணியைத் தள்ளும், அவ்வளவுதான். ஒவ்வொரு பிளஞ்சரும் முன்னால வரும்போது இவ்வளவு தண்ணின்னு அளவா தள்ளுது. அந்தத் தண்ணி நாசில்ல இருக்கற ஒன்றரை மி.மீ. சொச்சம் ஓட்டை வழியா வெளிய போக முட்டுது பாருங்க, அந்த முட்டல்தான் பிரஷர். அதனால பிரஷர் குறைஞ்சா காரணம் மூணே மூணுதான். ஒண்ணு, தண்ணி உள்ள சரியா வரல. ரெண்டு, வந்த தண்ணி உள்ளயே வேற வழியில திரும்பிப் போகுது. மூணு, நாசில் ஓட்டை தேஞ்சு பெருசாயிருச்சு.

இதுல ஒரு கணக்கு இருக்கு. நாசில் வழியா போற தண்ணி பாதியாச்சுன்னா பிரஷர் பாதியாகாது, கால்வாசியாயிரும். மூணு பிளஞ்சர்ல ஒண்ணு வேலை செய்யலைன்னா தண்ணி மூணுல ரெண்டு பங்கு வரும். ஆனா பிரஷர் ஒன்பதுல நாலு பங்குதான். அதாவது 80 இருந்த இடத்துல 35. நாசில் இன்னும் மோசம். ஓட்டையோட குறுக்களவு பத்துல ஒரு பங்கு கூடினா, அதாவது ரெண்டு தலைமுடி கனம் கூடினா, பிரஷர்ல மூணுல ஒரு பங்கு காணாமப் போயிரும். கேஜ் முள்ளு பாதாளத்துக்கு விழுந்துச்சுன்னா பம்ப் மொத்தமும் செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. சின்னச் சின்னக் கோளாறு ரெண்டு சேர்ந்தாலே போதும்.

அதனால ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி பக்கெட்டை எடுக்கணும்.

நாசிலைக் கழட்டிட்டு, 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்ல கன்னைத் திறந்து விட்டு, செல்போன்ல நேரம் பாத்தோம். 15 லிட்டர் பம்ப்புக்கு 80 விநாடில ரொம்பணும். 84 விநாடி ஆச்சு. அட, பரவாயில்லையே! அப்போ தண்ணி உள்ள வருது, ஜல்லடை அடைக்கல, பெல்ட் வழுக்கல. சக்‌ஷன்ல தண்ணி பத்தலைன்னா தகர டப்பாவுல ஜல்லி போட்டுக் குலுக்கற மாதிரி ஒரு சத்தம் பம்ப்புல வரும், அதுவும் இல்லை. சக்‌ஷன் ஜாயின்ட் ஒவ்வொண்ணா சோப்பு நுரையைப் பூசிப் பாத்தேன். எங்கயாச்சும் காத்து இழுத்தா நுரையும் அந்த இடத்துல உள்ள போகும். போகல.

ஆக, சும்மா விட்டா தண்ணி வருது, நாசில் மாட்டி சுமை ஏத்தினா காணாமப் போகுது. எங்கயோ திரும்பி ஓடுது.

அடுத்து பைபாஸ் ஓஸ். கன்னை மூடினா தண்ணி போக வழியில்லாம பம்ப் வெடிச்சிரக் கூடாதுன்னு, அன்லோடர் வால்வு திறந்து தண்ணியை டிரம்முக்கே திருப்பி விடும். கன் திறந்திருக்கும்போது அந்த ஓஸ்ல தண்ணி வரக்கூடாது. வந்தா அன்லோடர் சீட்ல மண்ணு, இல்லைன்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. நிறைய பேர் இந்த இடத்துல அன்லோடர் போல்ட்டைத் திருகி இறுக்கிப் பிரஷர் ஏத்தப் பாப்பாங்க. அது ரொம்ப ஆபத்தான வேலை, செய்யாதீங்க. நம்ம தம்பி கடையில ஓஸ் நுனியை வெளிய இழுத்துப் பாத்தா ஒரு சொட்டு இல்லை. அன்லோடர் நல்லவன்.

பம்ப் அடியில பிளஞ்சர் பக்கத்துல தண்ணி சொட்டுதான்னு பாத்தோம். சொட்டினா வாட்டர் சீல் காலி. காய்ஞ்சு கிடந்துச்சு. ஆயில் கண்ணாடில ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி உள்ள இறங்குதுன்னு அர்த்தம். தேன் கலர்ல இருந்துச்சு.

தம்பி முகத்துல கொஞ்சம் தெம்பு வந்துச்சு. "அப்போ செயினை அம்மா கிட்டயே குடுத்தரட்டுங்ளா?"ன்னான். "இரு தம்பி, இன்னும் முடியல"ன்னேன்.

புது நாசில் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லி மாட்டினோம். 25ல இருந்த முள்ளு 35க்கு வந்துச்சு. மேல சொன்ன கணக்கை இன்னொரு தரம் பாருங்க. 35! ஒரு பிளஞ்சர் சும்மா போய்ட்டு வந்துட்டு இருக்குன்னு அந்த நம்பரே சொல்லுது. முள்ளும் ஒரு இடத்துல நிக்காம நடுங்கிட்டே இருந்துச்சு. மூணு வால்வும் ஒண்ணா தேஞ்சிருந்தா முள்ளு ஆடாம கீழ நிக்கும். நடுங்கினா ஏதோ ஒண்ணு மட்டும் கெட்டிருக்கு.

ஒவ்வொரு பிளஞ்சருக்கும் தண்ணியை உள்ள விட ஒரு வால்வு, வெளிய விட ஒரு வால்வு, ஆக மொத்தம் ஆறு. சக்‌ஷன் ஓஸ் மேல கையை வெச்சேன். உதைச்சுது. தள்ளும்போது தண்ணி வந்த வழியே திரும்பிப் போகுது, அப்போ உள்ள விடற வால்வுதான் கோளாறு. இது கம்மி பிரஷர் பக்கம், அதனால கை வெச்சேன். கன் பக்கம் ஓஸ்ல கசிவு இருக்கான்னு விரல் வெச்சு மட்டும் தேடாதீங்க. இந்தப் பிரஷர்ல தண்ணி தோலைக் கிழிச்சு உள்ள இறங்கிரும். வெளிய ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ள சதை பூரா நாசமாகியிருக்கும். அப்படி ஆச்சுன்னா கட்டு போட்டுட்டு வீட்டுக்குப் போகக் கூடாது, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

மோட்டாரை நிறுத்தி, மெயினையும் ஆஃப் பண்ணி, கன்னை அமுக்கி உள்ள இருக்கற பிரஷரை வெளிய விட்டுட்டு, வால்வு மூடிகளைத் திறந்தோம். மொதல் வால்வு சுத்தம். ரெண்டாவது வால்வுத் தட்டுக்கும் சீட்டுக்கும் நடுவுல வெள்ளையா என்னமோ சுருண்டு கிடந்துச்சு. அதைச் சுத்தி மணல். எடுத்துப் பாத்தா டெஃப்ளான் டேப்!

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சக்‌ஷன் பைப் மாத்தியிருக்காங்க. மாத்தினவரு மரை நுனி வரைக்கும் தாராளமா டேப்பைச் சுத்தியிருக்காரு. நுனியில இருந்தது பிய்ஞ்சு உள்ள போயிருச்சு. ஜல்லடையைத் தாண்டின இடத்துல இருந்து கிளம்பினதால ஜல்லடையாலயும் ஒண்ணும் பண்ண முடியல. டேப் சுத்தும்போது முதல் ரெண்டு மரையை வெறுமனே விட்டுட்டு அப்புறம் சுத்தணும். அந்தச் சின்ன விஷயத்துக்கு விலை 25,000 ரூபாயா இருந்திருக்கும்.

அந்தச் சீட்ல மணல் உரசிக் கோடு விழுந்திருந்துச்சு. அதனால வால்வு கிட் ஒரு செட்டு வாங்கி ஆறையும் மாத்திட்டோம், ஓரிங்குக்கு லேசா கிரீஸ் தடவி மாட்டினோம். ஓட விட்டா முள்ளு 78ல போய் ஆடாம நின்னுச்சு. நாசில், கிட், டிரம்முக்குப் புது ஜல்லடை எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. செயின் அன்னிக்கு ராத்திரியே அம்மா கழுத்துக்குத் திரும்பப் போயிருச்சு. செவ்வாய்க்கிழமை பூரா தம்பி போனே எடுக்கல. லாரி கழுவிட்டு இருந்திருப்பான்!

அந்த மெக்கானிக்கைத் திட்டி நாலு வரி எழுதுவேன்னு எதிர்பாத்தீங்களா? இல்லைங்க. பூஜை சமயத்துல அவருக்கும் பத்து கடையில இருந்து போன். பிரிச்சுப் பாக்க ரெண்டு மணி நேரம், மாத்தறதுக்கு அரை மணி நேரம். அளந்து பாக்கறதுக்கு நாம யாரும் கூலி குடுக்கறதில்ல, மாத்தறதுக்குத்தான் குடுக்கறோம். அப்புறம் எல்லாரும் "மாத்திரு"ன்னுதானே சொல்லுவாங்க?

வீட்ல சின்ன மிஷின் வெச்சிருக்கவங்களுக்கு:

நாசில் திருகற மாதிரி இருந்தா அது சோப்பு நுரை நிலையில இருக்கான்னு பாருங்க. அந்த நிலையில பிரஷர் வராது, வரவும் கூடாது.

தண்ணி உள்ள போற இடத்துல இருக்கற குட்டி ஜல்லடையைக் கழட்டிக் கழுவுங்க. மொட்டை மாடித் தொட்டியில இருந்து பத்து மீட்டர் இறங்கினாதான் ஒரு பார். ஒரு மாடி உயரத் தொட்டின்னா அதுல மூணுல ஒரு பங்குதான் கிடைக்கும். அதனால ஓஸ் தடிமனா, மடங்காம இருக்கணும்.

சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி குழாயைத் திறந்து, கன்னை அமுக்கிப் பிடிச்சு, காத்து பூரா போய் தண்ணி ஒரே சீரா வர்ற வரைக்கும் விடுங்க.

கன்னை மூடினா தானா நிக்கற மிஷின், விட்டு விட்டுத் தானா ஓடி நின்னா எங்கயோ கசியுது. மொதல்ல ஓஸ் ஜாயின்ட்ல இருக்கற ஓரிங்கைப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. மிஷின் நல்லா ஓடிட்டு இருக்கும்போதே மூணு விஷயத்தைச் சுவத்துல எழுதி வைங்க. பக்கெட் ரொம்ப எத்தனை விநாடி, கேஜ் எங்க நிக்குது, நாசில் என்ன நம்பர். கெட்டுப் போனப்புறம் அளந்தா எதோட ஒப்பிட்டுப் பாக்கறது? தம்பி கடையில இப்போ சாமி படத்துக்குக் கீழ கரிக்கட்டையில மூணும் எழுதியிருக்கு.

டிஸ்கி: கரண்டும் தண்ணியும் சேர்ற இடம், எர்த் இல்லாத பிளக்ல இந்த வேலையெல்லாம் பண்ணாதீங்க சாமிகளா. உங்க வீட்ல "போயிருச்சு, மாத்திரு"ன்னு சொல்லி, கடைசில ஒரு வாஷர்ல சரியான சாமான் ஏதாச்சும் இருந்தா பின்னூட்டத்துல எடுத்து விடுங்க. ஒரு பட்டியலே போட்டுடலாம்.