குறைந்த விலை, நிறைந்த உடை

திருப்பூர் இரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள காதர்பேட்டையை அறியாத குடும்பம் நம் பக்கத்தில் அரிது. வெளிநாட்டுக்கென்று தைக்கப்பட்டு, ஏதோவொரு காரணத்தால் கப்பலேறாமல் நின்றுவிட்ட உடைகள் அங்கே கடை கடையாகக் குவிந்து கிடக்கின்றன. ஐரோப்பிய நகரங்களில் கண்ணாடிக்குப் பின்னால், விளக்கொளியில் தொங்கவேண்டிய சட்டை, இங்கே தார்ப்பாய் விரிப்பின்மீது நூறுக்கும் நூற்றைம்பதுக்கும் கிடைக்கும். கழுத்துப் பட்டியிலுள்ள நிறுவனத்தின் பெயர்ச்சீட்டு மட்டும் கத்தரிக்கப்பட்டிருக்கும். அல்லது அதன்மேல் மையினால் ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கும். இவ்வுடைகளைப் பற்றியும், அவற்றை வாங்கி அணிவோரைப் பற்றியும், அவ்வாறு அணிவோரைப் பார்த்துப் பேசுவோரைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன். மூன்றாவதாகக் குறிப்பிட்டவர்களை முன்னிட்டே இதை எழுத நேர்ந்தது.

இவ்வுடைகள் எவ்வாறு மிஞ்சுகின்றன என்பதைப் பனியன் தொழிலோடு தொடர்பில்லாத வாசகருக்காகச் சுருங்கக் கூறிவிடுகிறேன். அயல்நாட்டு நிறுவனம் பத்தாயிரம் உருப்படி கேட்டால், பழுதாகக்கூடியவற்றுக்கு ஈடாகச் சற்றுக் கூடுதலாகவே இங்கு வெட்டித் தைப்பர். கேட்ட எண்ணிக்கை நிறைந்தபின் எஞ்சுவது ஒரு பங்கு. செக்கிங் மேசையில், தையல் விட்டது, எண்ணெய் பட்டது, கையின் நிறமும் உடலின் நிறமும் ஒவ்வாதது என்று கழிக்கப்படுவது மற்றொரு பங்கு. இதனைச் செகண்ட்ஸ் என்பர். குறித்த நாளில் சரக்கு கப்பலேறாததாலோ, வாங்க ஒப்பியவர் பின்வாங்கியதாலோ மொத்த ஆர்டரும் தேங்கிவிடுவதும் உண்டு. 2020-இல் கொள்ளைநோயினால் அயல்நாட்டுக் கடைகள் மூடப்பட்டபோது இது நிகழ்ந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோதும் திருப்பூர் கலங்கிற்று. காதர்பேட்டையில் சரக்கு வழக்கத்துக்கு மீறி மலிந்திருக்கிறதென்றால், எங்கோ ஒரு கம்பெனியில் ஷிப்ட் குறைந்திருக்கக் கூடும்.

நிற்க. என் பங்கில் ஒரு தாய் இருக்கிறார். கணவரை இழந்தவர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பிள்ளைகள் மூவர், மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு, இளையவன் இன்னும் புதுநன்மை வாங்காதவன். ஞாயிறு பூசைக்கு இந்த நால்வரும் வந்து அமர்ந்தால் பார்க்கவே நிறைவாக இருக்கும். பளபளப்பு ஏதுமிராது. ஆயினும் ஒவ்வொருவர் மேலும் உடை அளவாகப் பொருந்தியிருக்கும். ஒருவர் நிறம் மற்றவர் நிறத்தோடு சண்டையிடாது. மார்கழிப் பனியில் முதற்பூசைக்கு வரும்போது, கைத்தறிச் சேலையின்மீது சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்றை அந்தத் தாய் அணிந்திருப்பார். அதன் வெட்டும் தையலும் சாதாரணக் கடையில் வாங்கியதல்ல என்பது துணியறிந்த எவருக்கும் விளங்கும். நம் ஊரில் துணியறியாதார் யார்?

எங்கள் பங்கில் கல்வி உதவிக் குழு ஒன்று உண்டு. ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் கூடி, உதவி பெறும் பிள்ளைகளின் பட்டியலை அது முடிவு செய்யும். சென்ற ஆண்டுக் கூட்டத்தில் இந்தக் குடும்பத்தின் பெயர் வந்ததும் உறுப்பினர் ஒருவர் மறுப்புத் தெரிவித்தார். “அந்தப் பிள்ளைகள் போட்டுவரும் உடுப்பை என் பிள்ளைகளுக்கே என்னால் வாங்கித் தர முடியவில்லை, இவர்களுக்கு எதற்கு உதவி?” என்பது அவர் வாதம். மற்றொருவர் தாழ்ந்த குரலில், வாங்கித் தருகிறவர் யார் என்றும் கேட்க வேண்டும் என்றார். கைம்பெண் ஒருத்தியைப் பற்றி இவ்விதம் தாழ்ந்த குரலில் எழும் வினா எங்கே போய் நிற்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கூட்டத்தை ஒருவாரம் ஒத்திவைத்தேன். 1833-இல் பாரிசில் பிரெடெரிக் ஒசானாமும் அவருடைய தோழர்களும் ஏழையர் பணியைத் தொடங்கியபோது, அலுவலகத்தில் அமர்ந்து மனுக்களை வாங்கவில்லை. ஏழைகளின் வீட்டுப் படியேறிப் போய்ப் பார்த்தார்கள். நாமும் போய்ப் பார்ப்போம் என்றேன். மறுப்புத் தெரிவித்தவரையும் உடன் அழைத்துச் சென்றேன்.

வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகளில் ஒன்று. ஓர் அறை, அதன் மூலையிலேயே அடுப்பு. நால்வரின் துணியும் ஒரே தகரப் பெட்டியில் இருந்தன. வந்த காரியத்தை நான் மறைக்காமல் சொன்னேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இது நூற்றிருபது ரூபாய், இது எண்பது, இது மூன்று உருப்படி சேர்த்து இருநூறு என்று விலை சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வோர் உடையிலும் இருந்த பழுதையும் விரலால் தொட்டுக் காட்டினார். காட்டாவிட்டால் எங்களுக்குத் தெரிந்திராது. பெட்டி பாதி காலியானதும் கேட்டார்: “கிழிஞ்சதைப் போட்டுக்கிட்டு வந்தாத்தானுங்க சாமி, ஏழைன்னு நம்புவாங்க?”

உடன் வந்தவர் பதில் கூறவில்லை. யாகப்பர் தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன் மோதிரமும் பகட்டான உடையும் அணிந்து சபைக்குள் வருபவனுக்கு நல்ல இருக்கை கொடுத்து, அழுக்குடை அணிந்த ஏழையை ஓரத்தில் நிற்கச் சொல்வோரைக் கடிந்துகொள்கிறார். நம் காலத்தில் இதற்கொரு மறுபக்கமும் தோன்றியிருப்பதாக எனக்குப் படுகிறது. ஏழை அழுக்குடையோடு வந்தால் ஓரத்தில் நிறுத்துகிறோம். தூய உடையோடு வந்தால் அவன் ஏழை என்பதையே ஏற்க மறுக்கிறோம். நம்மிடம் உதவி பெறுபவர் பார்வைக்கும் பரிதாபமாக இருக்கவேண்டும் என்று உள்ளுக்குள் எதிர்பார்க்கிறோம்.

திருச்சபையின் ஆசிரியர்கள் உடையை இழிவாக எண்ணியவர்களல்லர். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் வெளியுடையைப் பற்றித் தனியே ஒரு வினா எழுப்பி ஆராய்கிறார். வீண் பெருமைக்காகவும் சுகத்துக்காகவும் மிதமிஞ்சிய கவலையோடும் உடுப்பது தவறு என்னும் அவர், அதோடு நின்றுவிடவில்லை. தன் நிலைக்குரிய அளவில்கூட உடையைக் கவனியாமல் அசட்டையாக இருப்பதும் குறைதான், அந்த அசட்டையையே பெருமையாகக் காட்டிக்கொள்வதும் குறைதான் என்கிறார். குருமடத்தில் இதைப் படித்த நாளில், கசங்கிய அங்கியைத் துறவின் அடையாளமாகக் கருதிய எங்களிற் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புனித பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் இல்லறத்தாருக்காக வெளியிட்ட பக்தி நூலிலும் உடைக்கென்று ஓர் அதிகாரம் உண்டு. பக்தியுள்ளோர் கூட்டத்தில் மிக நன்றாக உடுத்தியவர்களாகவும், அதே வேளையில் மிகக் குறைந்த ஆடம்பரம் உள்ளவர்களாகவும் இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். இவ்விரண்டும் ஒருங்கே கூடுமா என்று ஐயுறுவோர் அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆண்டவரே அணிந்திருந்த அங்கி, மேலிருந்து அடிவரை தையலின்றி நெய்யப்பட்டது என்று அருளப்பர் எழுதுகிறார். மற்ற உடைகளைப் பங்கிட்டுக்கொண்ட போர்வீரர்கள் அதைக் கிழிக்க மனமின்றிச் சீட்டுப் போட்டார்கள். அது நல்ல துணி என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. (பக்கத் தையல் இல்லாமல் குழாய்போல் பின்னி வரும் பனியனைக் காட்டி, “இது அந்த ஜாதிதான் சாமி” என்று எங்கள் பங்கின் நிட்டிங் தொழிலாளி ஒருவர் ஒருமுறை சொன்னார். விரிவுரையாளர் எவரும் இதைக் குறிப்பிட்டதாக நான் படித்ததில்லை.)

அந்தத் தாயின் முறையை நம் குடும்பங்களுக்குச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலாவது, அவர் நிறத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். கருநீலம், சாம்பல், வெள்ளை, அரக்கு. வீட்டுக்குள் வேறு நிறம் வராது. எந்த மேலாடையும் எந்தக் கீழாடையோடும் பொருந்தும். ஒரு பிள்ளைக்கு மூன்று சட்டையும் இரண்டு காற்சட்டையும் இருந்தால் ஆறு விதமாக அணியலாம். மூத்தவளுக்குச் சிறிதாகிப்போன சட்டை அடுத்தவனிடம் வரும்போதும் அவனிடம் உள்ளவற்றோடு இசைந்துவிடும். அழகான துணி மலிவாகக் கிடைக்கிறதே என்று மஞ்சளையும் பச்சையையும் வாரிக்கொண்டு வருபவர்களுக்குப் பெட்டி நிறையும். ஞாயிறு காலையில் உடுத்த ஒன்றும் அகப்படாது.

இரண்டாவது அளவு. கழுத்துச்சீட்டு கத்தரிக்கப்பட்டிருந்தாலும் உட்புறப் பக்கத் தையலில் சிறு சீட்டு பெரும்பாலும் இருக்கும். ஐரோப்பாவுக்கான பிள்ளைகள் உடையில் 116, 122, 128 என்று காணப்படும் எண்கள், பிள்ளையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பவை. அந்த அம்மாள் வீட்டுச் சுவரில் மூன்று பிள்ளைகளின் உயரத்தையும் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறார். பெரியவர்கள் உடைக்குத் தோளைத்தான் பார்ப்பார். நீளத்தைக் குறைக்கலாம், பக்கம் பிடிக்கலாம். தோள் இறங்கிப்போன சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்துத் திருத்த ஆகும் கூலிக்கு வேறொன்று வாங்கிவிடலாம்.

மூன்றாவது பழுது. விளிம்பில் தையல் விட்டிருந்தால் வாங்குவார். இரண்டு நிமிடத்தில் தைத்துவிடலாம். ஊசி பட்டு விழுந்த துளை கடுகளவே ஆனாலும் தொடமாட்டார். பின்னல் துணியில் அந்தத் துளை துவைக்கத் துவைக்க இழை விட்டு ஓடும். சட்டையை நீளவாட்டில் மடித்துப் பிடித்து, பக்கத் தையல் நேராக விழுகிறதா என்று பார்ப்பார். முறுக்கிக்கொண்டு வந்தால் துவைத்தபின் இன்னும் முறுக்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. பகல் முழுவதும் கம்பெனிக்காகச் செய்யும் வேலையை ஞாயிற்றுக்கிழமை தம் பிள்ளைகளுக்காகச் செய்கிறார், அவ்வளவுதான்.

மார்பில் எழுத்துப் போட்ட சட்டையையும் அவர் வாங்குவதில்லை. பொருள் தெரியாமல் போடக்கூடாது என்பது அவர் கொள்கை. இதனை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். பீடத்தில் நின்று மக்களை நோக்குபவன் நான்; இளைஞர்கள் மார்பில் அச்சிட்டு வரும் ஆங்கில வாசகங்களைத் திருப்பலி முழுவதும் வாசிக்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது. அவற்றுட் சில இந்த இதழில் அச்சேறத் தக்கவையல்ல.

மலிவு என்பதனால் எல்லாம் நன்று என்று நான் கூற வரவில்லை. ஆடித் தள்ளுபடியில் மூவாயிரம் ரூபாய்ச் சட்டையை ஆயிரத்தைந்நூறுக்கு வாங்கி, ஆயிரத்தைந்நூறு மிச்சம் என்று மகிழ்பவர், கையிலிருந்து ஆயிரத்தைந்நூறு போயிற்று என்பதை மறந்துவிடுகிறார். தள்ளுபடிக்கென்றே தாழ்ந்த தரத்தில் தனியாகத் தைக்கப்பட்டு, உயர்ந்த விலையை அச்சிட்டுக் கோடிட்டு விற்கப்படும் உடைகளும் உலகெங்கும் உண்டு. பெரிய நிறுவனத்தின் பெயரைப் போலியாகத் தைத்த சட்டை வேறு வகை. அதை அறிந்தே வாங்கி அணிவது ஏழாம் கட்டளையைச் சார்ந்த காரியம். ஞானோபதேச வகுப்பில் ஒரு பையன் அடுத்தவன் கழுத்துப் பட்டியைத் திருப்பிச் சீட்டுப் பார்க்கும் பழக்கமும் புகுந்திருக்கிறது. அந்தத் தாயின் இரண்டாவது மகனுக்கு இதனால் உண்டாகும் வேதனை சிறியதன்று. கத்தரித்த சீட்டுள்ள சட்டையைப் போடமாட்டேன் என்று சில நாள் பிடிவாதம் பிடித்தானாம். பதினான்கு வயதுப் பையனுக்கு அக்குவினாஸைச் சொல்லிப் புரியவைக்க இயலாது. அவனுடைய தாய், வீட்டிலுள்ள எல்லா உடைகளின் சீட்டையும், தம் கம்பளிச் சட்டையுடையது உட்பட, வெட்டி எடுத்துவிட்டார்.

விலையைப் பற்றி இன்னொன்று. 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் டாக்கா நகருக்கருகே ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்து, 1,100-க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் மாண்டனர். அயல்நாட்டு நிறுவனங்களுக்கு உடை தைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு மாதம் 38 யூரோ கூலி என்ற செய்தியை அறிந்த திருத்தந்தை பிரான்சிஸ், மே முதல் நாள் தம் மறையுரையில் அதனை அடிமைத் தொழில் என்றே கூறினார். நம் ஊரிலும் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்ததும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நமக்கு மறந்திருக்காது. ஒரு சட்டைக்குப் பின்னால் இவ்வளவு தண்ணீரும் வியர்வையும் இருக்கையில், தையல் ஒன்று விட்டது என்பதற்காக அது குப்பைக்குப் போகாமல் ஒரு பிள்ளையின் மேல் ஏறுவது நல்லதே. அதை எண்பது ரூபாய்க்கு வாங்கிப் பத்து நாளில் தூக்கியெறிபவரைப் பற்றி அப்படிச் சொல்லமுடியாது. அந்த வீட்டில் நைந்த பனியன் துணி கரித்துணியாகி, அதுவும் இற்றுப்போனபின்தான் வெளியேறுகிறது.

ஒத்திவைத்த கூட்டம் மறுவாரம் கூடியது. உடன் வந்த உறுப்பினரே எழுந்து, அந்தக் குடும்பத்தின் பெயரை முதலில் எழுதும்படி சொன்னார். தாழ்ந்த குரலில் வினா எழுப்பியவர் அன்று வரவில்லை. மூத்த பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்தபின், எங்கள் பங்குப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அந்த அம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காதர்பேட்டைக்குப் போனார்கள். மறுப்புத் தெரிவித்தவரின் மனைவியும் அவர்களோடு போனார் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகளின் உயரத்தைத் துண்டுச் சீட்டில் சென்டிமீட்டரில் எழுதிக்கொண்டு போனாராம்.