கடுதாசிக் கட்டும் இரண்டு நண்டுகளும்

என் இளமைக் காலத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் முந்நூற்றுநாலு விளையாடப்படாத மாலை ஒன்று இருந்ததாக நினைவில்லை. கடலுக்குப் போய்வந்தவர், கந்தோரிலிருந்து வந்தவர், வேலையே இல்லாதவர் என்று நால்வர் பாயில் அமர்ந்துவிட்டால், அரிக்கன் இலாம்பில் எண்ணெய் தீரும்வரை எழும்பமாட்டார்கள். 32 தாள், ஆளுக்கு எட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுந்தாள்கள். நான்கு சாதியையும் கூட்டினால் 304. என் தகப்பனார் காலத்தில் ஜாக்கின் பெறுமதி முப்பது, இன்றும் முப்பதுதான். அரசுகள் மாறின, காசின் பெறுமதி மாறியது, தலைமன்னார்த் துறையிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடுவதும் நின்றது. ஜாக் மட்டும் அசையவில்லை.

இவ்வாறு வளர்ந்த ஒருவனுக்கு, கையிலுள்ள தாள் ஓரிரவிற் செல்லாக்காசாகக்கூடும் என்பது விளங்கச் சில காலம் சென்றதில் வியப்பில்லையன்றோ?

2016 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறைக்கு என் மகளும் பேரனும் இலண்டனிலிருந்து மன்னாருக்கு வந்திருந்தார்கள். பேரனுக்கு அப்போது பதின்மூன்று வயது. தமிழ் விளங்கும், பேசக் கூச்சம். என்னோடு எதைப் பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரியவில்லை. முந்நூற்றுநாலுக்கு நால்வர் வேண்டும். “அம்மப்பா, இது ரெண்டு பேர் விளையாடலாம்” என்று அவன் தன் டேப்லெட்டை நீட்டினான்.

ஹார்த்ஸ்டோன் என்பது அவ்விளையாட்டின் பெயர். 2014 இல் வெளிவந்தது. இதில் எல்லோருக்கும் பொதுவான கட்டு ஒன்றில்லை. பல நூறு தாள்களிலிருந்து முப்பதைத் தெரிந்து அவரவர் கட்டை அவரவரே அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரே தாளில் இரண்டுவரை சேர்க்கலாம். மிக அரிய தாளாயின் ஒன்று மட்டுமே. முதல் முறைக்கு ஒரு பளிங்கு, அடுத்த முறைக்கு இரண்டு என்று பத்துவரை ஏறும். அவற்றைச் செலவிட்டே தாள் இறக்கலாம். இருவருக்கும் முப்பது உயிர். முடிவெடுக்காமல் யோசித்துக்கொண்டிருந்தால் திரையின் நடுவே கயிறொன்று எரியத் தொடங்கும். அந்தக் கயிற்றைப்போல் என்னை அவமானப்படுத்திய பொருள் வேறொன்றில்லை.

என் மனத்துக்கு உகந்த தாள் ரெனோ ஜாக்சன். ஆறு பளிங்குகொடுத்து அவரை இறக்கினால், இழந்த உயிர் முழுவதும் திரும்பிவிடும். ஒரே நிபந்தனை: கட்டினுள் எந்தத் தாளும் இரட்டையாக இருத்தலாகாது. நம்முடைய கடுதாசிக் கட்டிலும் எந்தத் தாளும் இரண்டில்லை. ஆகவே இது எனக்கு இயல்பாகவே பட்டது. அவரைப் பெற அப்போது 700 பொற்காசு வேண்டியிருந்தது. காசு கொடாமல், நாள்தோறும் விளையாடியே சேர்த்தேன். பேரன் ஊர் திரும்பிய பின்னும் ஞாயிறு இரவு ஒன்பது மணி எங்களுக்குரிய நேரமாயிற்று.

2016 டிசம்பரில் கடற்கொள்ளைக்காரர் வந்தார்கள். பேட்சஸ் என்றொரு தாள்: கொள்ளைக்காரன் எவனையேனும் இறக்கினால், கட்டினுள் இருக்கும் பேட்சஸ் செலவின்றித் தானே வெளியே பாய்ந்து, அந்தக் கணமே அடிப்பான். உலகம் முழுதும் அதையே வைத்தார்கள். என் பேரனும் வைத்தான். ஆறாவது முறைவரை நான் உயிரோடிருந்தால் ரெனோ காப்பாற்றுவார். அப்படியான இரவுகளில் ஆட்டம் இருபது நிமிடம் ஓடும். இடையிடையே அவன் பாடசாலைக் கதை சொல்வான், தாயின் சமையலைக் குறை சொல்வான், தமிழ்ச்சொல் வராவிட்டால் என்னைக் கேட்பான். ஐந்தாவது முறையிலே நான் மாண்டுபோனால், “சரி அம்மப்பா, பிறகு பாப்பம்” என்பான். ஆறு நிமிடத்தில் என் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். நான் வெற்றிக்காக விளையாடவில்லை, நீளத்துக்காக விளையாடினேன்.

2017 ஏப்ரலில் ரெனோ போய்விட்டார். வழமையான ஆட்டத்தில் அண்மை ஆண்டுகளின் தாள்களே செல்லும், பழையவை காலமுறைப்படி விலகும் என்பது 2016 இலேயே வந்த விதி, நான்தான் வாசிக்கவில்லை. பழைய தாள்களுக்கென வைல்ட் என்று வேறொரு பிரிவும் உண்டு. “உங்களுக்காக நான் வைல்டில விளையாடுறன்” என்றான் பேரன். பிள்ளை இரங்குகிறான் என்பது தெரிந்தது. வேண்டாமென்றேன்.

பின்னர் செய்த பிழைகளையும் சொல்லவேண்டும். முதலில் அவன் கட்டையே எழுத்துக்கெழுத்துப் பார்த்தெழுதினேன். ஒரே கட்டோடு இருவர் மோதினால் விதியே விளையாடுகிறது. அடுத்து, கொள்ளைக்காரரை முடக்கும் தாள்களாகவே அள்ளி நிரப்பினேன். அவர்களை வென்றேன், ஆனால் ஆறுதலாக ஆடும் பிறரிடம் வரிசையாகத் தோற்றேன். பேரனும் இடையிடையே கட்டு மாற்றுபவன். நான் வேலி கட்டிய பக்கத்தால் அவன் வரவில்லை.

எங்கள் அயலில் ஒரு சம்மாட்டியார் இருக்கிறார். தென்மேற்குக் காற்று எழும்பித் தென்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அவர் தொழிலை வடகடலுக்கு மாற்றுவார். வாடை தொடங்கினால் மறுபுறம். அந்த வைகாசியில் அவர் முற்றத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தபோது, படகும் மாறுமோ என்று ஏதோ நினைவிற் கேட்டேன். “படகேன் மாஸ்ரர்? படகும் எஞ்சினும் பொடியளும் அதுதான். வலைதான் வேற.”

“பழைய வலையை என்ன செய்வியள்?”

“மடிச்சு வைப்பன். காத்துத் திரும்பேக்க எடுப்பன்.”

அன்றிரவு ஒரு பழைய கொப்பியை எடுத்துக் கோடிட்டேன். எதிரே வந்தவர் யார், எந்தக் கட்டு, எத்தனையாவது முறையில் முடிந்தது என்று இரண்டு வாரம் குறித்தேன். இளையோர் ‘மெட்டா’ என்று பெரிதாகப் பேசுவது இதைத்தான்: இப்போது பலரும் எதைக் கொண்டுவருகிறார்கள் என்ற நடப்பு. என் குறிப்பின்படி கொள்ளைக்காரர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. நெருப்புருண்டை, உறைபனி, தாள் எடுத்துத் தரும் மந்திரம் முதலியவை படகும் எஞ்சினும்போல் இருக்கட்டுமென விட்டேன். மாற்றியது சில தாள்களையே. ரெனோவின் நிபந்தனைதான் இப்போது இல்லையே; முதன்முறையாக இரட்டைத் தாள் வைக்கலாம். அந்த ஏப்ரலில் வந்த கோலாக்கா என்னும் நண்டில் இரண்டைச் சேர்த்தேன். இரண்டு பளிங்குதான் விலை. இறக்கியதும் ஒரு கொள்ளைக்காரனைத் தின்று தானும் சற்றே பருக்கும். மன்னார்க்காரன் நண்டை நம்பாமல் வேறெதை நம்புவான்?

அடுத்த ஞாயிறு இரண்டாம் முறையிலேயே நண்டு பேட்சஸைத் தின்றது. மறுமுனையில் சற்றுநேரம் சத்தமில்லை. பிறகு பேரன் வாய்விட்டுச் சிரித்தான். அன்று ஆட்டம் அரைமணிக்கு மேல் ஓடியது, தோற்றதும் நான்தான்.

2018 பெப்ரவரியில் பேட்சஸின் பாய்ந்தடிக்கும் வலிமை பறிக்கப்பட்டது. கொள்ளைக்காரர் மெல்ல மெல்ல அரிதாயினர். என் நண்டுகள் தின்ன இரையின்றிக் கையில் கிடந்தன. “அம்மப்பா, நண்டை எடுங்கோ” என்றான். ஒன்றை அன்றே எடுத்தேன். மற்றதை, ஒருவேளை அவனே பழைய நினைவில் ஒரு கொள்ளைக்காரனைக் கொண்டுவரக்கூடும் என்று, மேலும் சில வாரம் வைத்திருந்தேன்.

அவனுக்கு இன்று இருபது கடந்துவிட்டது. பரீட்சைக் காலங்களில் ஞாயிறுகள் தவறுகின்றன. சென்ற வாரம் வந்தான். நான் கண்டிராத ஒரு கட்டினால் ஏழாம் முறையில் என்னை முடித்தான். “இதுக்கு என்ன வைப்பியள் அம்மப்பா?” என்றான். பார்த்துச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு, கொப்பியை எங்கே வைத்தேனென்று தேடத் தொடங்கினேன்.